ஐவரி கோஸ்ட்டில் முந்திரிக்கொட்டை வாங்கப் போகிறேன்: வியாபாரத்துக்குப் போதுமான பிரெஞ்சை எங்கிருந்து தொடங்குவது?

கெடிலக்கரை

எல்லோருக்கும் வணக்கம். பண்ருட்டிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு முந்திரி கம்பெனி இருக்கிறது. உள்ளூர்க் கொட்டை வருடத்துக்குப் போதாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இதுவரை ஆப்பிரிக்கக் கொட்டையைத் தூத்துக்குடியில் புரோக்கர் வழியாகத்தான் எடுத்தோம். அடுத்த சீசனில் நானே ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரத்துக்குப் போய், உள்ளே குடோன் வரைக்கும் சென்று பார்த்து வாங்கலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. அங்கே பிப்ரவரியில் கொட்டை வரத் தொடங்கிவிடும். அதுவரை கையில் இருக்கும் மாதங்களில் பிரெஞ்சு கற்க வேண்டும்.

ஆங்கிலம் சமாளிப்பேன். பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. ஒரு புத்தகம் வாங்கினேன். முதல் பாடத்தில் என் பெயர், என் வயது, இரண்டாம் பாடத்தில் என் பூனை, எனக்குப் பிடித்த விளையாட்டு. நான் பேச வேண்டியது விலை, எடை, ஈரப்பதம், கப்பல் தேதி. இந்தப் புத்தகத்தை வரிசையாகப் படித்து முடிப்பதா, இல்லை வேறு வழி இருக்கிறதா? பரீட்சை எழுதுவதால் பயன் உண்டா? மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டால் போதாதா என்று அப்பா கேட்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடல்தாண்டி

தம்பி, நான் ஐவரி கோஸ்ட்டின் நடுவில் இருக்கும் புவாக்கே ஊரில் கொள்முதலில் இருந்தவன். என் அனுபவத்தில் முதல் பாடம் எண்கள். இரண்டாவது பாடமும் எண்கள்.

ஒன்று, இரண்டு என்று ஒப்பிக்கிற எண்களைச் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் வேகமாகச் சொல்கிற எண் காதில் விழுந்தவுடன் கை அதைத் தாளில் எழுத வேண்டும். பிரெஞ்சில் 69 வரைக்கும் சிக்கல் இல்லை. அதற்கு மேல்தான் கஷ்டம். 70 என்பது அறுபது-பத்து, 76 என்பது அறுபது-பதினாறு. 80 என்பது நான்கு இருபது. 97 என்பது நான்கு இருபது பதினேழு: 'கத்ர் வேன் தீஸ் செத்'. புதிதாகக் கேட்பவர் 'சுவாசான்த்' என்று காதில் விழுந்ததும் 60 என்று எழுதிவிடுவார். அதற்குப் பின்னால் வருவது 'சீஸ்' என்றால் 66, 'சேஸ்' என்றால் 76. ஒரு டன்னுக்கு 10 டாலர் வித்தியாசம் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் அரசு ஒரு குறைந்தபட்ச விலை அறிவிக்கும். விவசாயிக்குத் தோட்டத்து ஓரத்தில் கிடைக்க வேண்டிய விலை அது. 'ப்ரி போர் ஷான்' என்பார்கள். 2024இல் கிலோ 275 பிராங்க், 2025இல் 425 பிராங்க். பேரம் முழுக்க இந்த எண்ணைச் சுற்றித்தான் நடக்கும். அந்த ஊர் நாணயமான ஸேஃபா பிராங்க் யூரோவோடு கட்டிப்போடப்பட்டது: ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க். கிலோ விலையைக் கேட்ட மாத்திரத்தில் டன்னுக்கு எத்தனை டாலர் என்று மனசுக்குள் ஓட வேண்டும். அந்தக் கணக்கை மொழிபெயர்ப்பாளர் போட்டுத் தருவதற்குள் பேச்சு அடுத்த ஆளிடம் போய்விடும். உங்கள் அப்பாவின் கேள்விக்கு என் பதில் இதுதான். மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் வேண்டும். ஆனால் எண்ணை மட்டும் நீங்களே கேளுங்கள்.

வெள்ளைநகர்

புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். மேலே எழுதியவர் சொல்வது சரிதான், ஆனால் பாதிதான் சரி. எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒலி பிடிபடாமல் எண் பிடிபடாது.

6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகச் சொன்னால் 'சீஸ்'. ஆறு மாதம் என்றால் 'சி முவா', கடைசி ஒலி காணாமல் போய்விடும். ஆறு வருடம் என்றால் 'சிஸ் ஆன்', போன ஒலி மெத்தென்று திரும்பி வந்து அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 10க்கும் இதே கதை. இரண்டு மணி 'தெஸ் ஏர்', பன்னிரண்டு மணி 'தூஸ் ஏர்'. இந்த விதியைத் தெரிந்துகொள்ளாமல் பட்டியலை ஒப்பித்தால், வாக்கியத்துக்குள் வரும்போது எண்ணை அடையாளமே தெரியாது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நாம் பேசும்போது 'மரம்', 'அவன்' என்பதன் கடைசி மெய்யை முழுசாக உச்சரிப்பதில்லை, மூக்கில் விட்டுவிடுகிறோம். பிரெஞ்சின் மூக்கொலி அதேதான். மற்ற ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் போராடுகிற இடத்தை என் மாணவர்கள் சில வகுப்புகளில் கடந்துவிடுகிறார்கள். தடுமாறுவது வேறு இடத்தில். பிரெஞ்சு 'யு' நம்மிடம் இல்லை. உதட்டை 'உ' சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு உள்ளே 'இ' சொல்ல வேண்டும். இது அலங்காரத்துக்குக் கற்பது அல்ல. 'ஓ த்ஸ்யூ' என்றால் மேலே, 'ஓ த்ஸூ' என்றால் கீழே. தரம் (கொட்டையில் நல்ல பருப்பு எவ்வளவு தேறும் என்கிற எண்) 47க்கு மேலே இருந்தால் எடுப்பேன் என்று நீங்கள் நினைத்துச் சொன்னது, கீழே இருந்தால் எடுப்பேன் என்று அவர் காதில் விழலாம். அதனால் பேசும்போது வேறு வழியில் சொல்லுங்கள்: 'மினிமோம் 47'. அதில் குழப்பத்துக்கு இடமே கிடையாது.

அந்தப் பூனைப் பாடத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம். 'எனக்கு ஒரு பூனை இருக்கிறது' என்கிற அதே வாக்கியத்தில்தான் 'என்னிடம் 20 டன் இருக்கிறது' என்றும் சொல்லப் போகிறீர்கள். பூனையை எடுத்துவிட்டுக் கொட்டையைப் போடுங்கள்.

நூல்கண்டு

திருப்பூரிலிருந்து. எங்கள் வியாபாரம் பிரான்ஸோடு, பின்னலாடை. மெயில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் ஓடும். பிரெஞ்சு தேவைப்படுவது அவர்களின் கணக்குப் பிரிவிலும் கிடங்கிலும். அங்கே போனை எடுப்பவருக்கு ஆங்கிலம் வராது. எங்கள் ஆட்கள் பட்ட அனுபவத்தில் சில சொற்கள்:

'தெலே' என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தாமதம் என்று பதற வேண்டாம். அது சரக்குக் கொடுக்க ஆகும் காலம், அவ்வளவுதான். தாமதத்துக்கு 'ரெத்தார்'. 'எவான்த்யுயெல்மான்' என்றால் ஒருவேளை. ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு 'கடைசியில் ஆர்டர் வந்துவிடும்' என்று நூல் வாங்கிப் போட்டுவிடக் கூடாது. 'கேன்ஸ் ழூர்' என்று சொன்னால் 15 நாள் என்று காலண்டரில் எண்ணாதீர்கள். பேச்சு வழக்கில் அது இரண்டு வாரம். 'யுய் ழூர்', அதாவது எட்டு நாள், என்பது ஒரு வாரம்.

விலைக்குப் பக்கத்தில் 'ஆஷ் தே' (HT) என்று இருந்தால் வரி சேர்க்காத விலை, 'தே தே சே' (TTC) என்றால் வரியோடு. பணம் எப்போது வரும் என்பதற்கு 'எஷேயான்ஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள், அதுதான் கெடு தேதி. பிரான்ஸில் 2008இல் வந்த சட்டப்படி கம்பெனிகளுக்கு இடையே பொதுவாக பில் தேதியிலிருந்து 60 நாளுக்கு மேல் கெடு வைக்க முடியாது. இது எங்களுக்குப் பேச ஒரு பிடி கொடுக்கும். உங்கள் விஷயத்தில் நீங்கள்தான் வாங்குகிறவர், அதனால் இந்தப் பகுதி அவ்வளவாக உதவாது.

இன்னொன்று. தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள், ஆயிரத்துக்கு இடைவெளி விடுவார்கள். 1 250,50 என்று இருந்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பதரை. 'மில்யார்' என்றால் நூறு கோடி.

லாசப்பல்

பாரிசில் இருந்து எழுதுகிறேன். நான் வந்த காலத்தில் வகுப்புக்குப் போக நேரம் இல்லை, உணவகத்துக் குசினியில் நின்றபடியே பழகினதுதான். தம்பிக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். இங்கே கதைக்கிற பிரெஞ்சும் அங்கே மேற்கு ஆப்பிரிக்காவில் கதைக்கிற பிரெஞ்சும் எழுத்தில் ஒன்று, காதுக்கு வேறு. என்னோடு வேலை செய்த ஐவரி கோஸ்ட் பெடியன்கள் கதைக்கிறது எனக்குப் பாரிஸ்காரரைவிட நல்லாய் விளங்கும். ஒவ்வொரு சொல்லையும் விட்டு விட்டுச் சொல்லுவார்கள், 'ர' ஒலியும் எங்களுடைய 'ர' மாதிரி நாக்கில் உருளும். பயப்பட வேண்டாம்.

காதைப் பழக்க ஆர்.எஃப்.ஐ. வானொலியின் 'எளிய பிரெஞ்சில் செய்திகள்' கேளுங்கள். ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம், எழுத்து வடிவமும் கிடைக்கும். ஆப்பிரிக்காச் செய்தி நிறைய வரும், ஊர்ப் பெயர்களும் பழகும். தொடக்கத்தில் பாதிகூட விளங்காது, பரவாயில்லை. எண் வருகிற இடத்தை மட்டும் பிடித்து எழுதிப் பாருங்கள். அதைவிடச் சுலபமாய் வேண்டுமென்றால் தே.வே. சேங்க் மோந்த் (TV5MONDE) தளத்தில் ஆரம்பப் படிக்குப் பயிற்சிகள் இலவசமாய் இருக்கின்றன.

போன் இலக்கத்தை இரண்டு இரண்டாய்ச் சேர்த்துச் சொல்லுவார்கள். 07 என்று தொடங்கி 98, 76, 91 என்று போகும். நல்ல பயிற்சி வேறு தேவையில்லை, யாரையாவது இலக்கங்களை வாசிக்கச் சொல்லி எழுதுங்கள்.

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. பூனைக்குப் பதில் கொட்டை போட்டு நேற்று இரவே சில வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன் மேடம், நன்றாக வருகிறது.

கடல்தாண்டி அண்ணே, குடோனுக்குள் என்ன நடக்கும், அங்கே எந்தச் சொற்கள் காதில் விழும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? போனில் மொழிபெயர்ப்பு ஆப் வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர் சொல்கிறார்.

கடல்தாண்டி

ஆப் தாளைப் படிக்க உதவும். குடோனுக்குள் உதவாது தம்பி. சாக்கு தைக்கும் மெஷின், லாரி, ஒரே நேரத்தில் நாலு பேர் பேச்சு. அதோடு நம் தொழிலின் சொல்லை அது தப்பாகப் புரிந்துகொள்ளும். முந்திரிப் பருப்புக்கு அங்கே 'அமான்த்' என்பார்கள். ஆப் அதைப் பாதாம் என்று காட்டும். கொட்டைக்கு 'நுவா த கழூ', அல்லது 'அனகார்த்'. அரசுத் தாள்களில் பெரும்பாலும் 'அனகார்த்' என்றுதான் இருக்கும்.

சாக்கு அடுக்கைச் சுற்றி வந்து குத்தூசியால் மாதிரி எடுப்பார்கள். அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள்: 'ஆன் பா', 'ஓ மில்யே'. இந்த இரண்டு சொல்லும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் கைக்கு எட்டும் சாக்கு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். எடுத்ததைக் கொட்டிக் கலந்து ஒரு கிலோ பிரிப்பார்கள். முதலில் எண்ணிக்கை: ஒரு கிலோவுக்கு எத்தனை கொட்டை. 'க்ரெனாழ்' என்பது இதுதான். எண்ணிக்கை குறையக் குறையக் கொட்டை பெரிசு. அப்புறம் ஈரம், 'தோ த்யுமிதித்தே'. 10 சதவீதத்தைத் தாண்டினால் கப்பலில் புழுங்கிவிடும். பிறகு கட்டிங். ஒவ்வொரு கொட்டையையும் இரண்டாக வெட்டி, நல்லது ஒரு பக்கம், முற்றாததும் புள்ளி விழுந்ததும் ஒரு பக்கம், அழுகலும் பொக்கும் ஒரு பக்கம். முற்றாததுக்கு 'இம்மத்யூர்', அழுகலுக்கு 'பூர்ரி', பொக்குக்கு 'வீத்'. நல்ல பருப்பின் எடையோடு இரண்டாவது குவியலில் பாதி எடையைக் கூட்டுவார்கள். தோலோடு 270 கிராம் வந்தால் 0.1764ஆல் பெருக்குங்கள், 47.6 வரும். 80 கிலோ மூட்டைக்கு இத்தனை பவுண்டு பருப்பு என்று அர்த்தம். கே.ஓ.ஆர். என்ற ஆங்கில எழுத்துகளையே அங்கேயும் சொல்வார்கள், 'கா ஓ எர்' என்று.

எந்தக் கொட்டை எந்தக் குவியலில் விழுகிறது என்பதில்தான் பேரமே. தராசுக்காரர் முற்றாத பருப்பு ஒன்றை நல்ல குவியலில் போடும்போது நீங்கள் அதைத் தொட்டு 'நோன், மெஸ்யே, இம்மத்யூர்' என்று அமைதியாகச் சொன்னால், இந்த ஆளுக்குத் தொழில் தெரியும் என்று அந்த நிமிஷமே புரிந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னால் அந்த எடை வராது.

வடக்கே கொரோகோ பக்கம் போனால் ஒன்று நினைவு வையுங்கள். அங்கே சந்தைப் பேச்சு ஜூலா மொழியில் நடக்கும். அதில் பணத்தை ஐந்து ஐந்து பிராங்காக எண்ணுவார்கள். 100 என்று சொன்னால் 500 பிராங்க். தங்களுக்குள் ஜூலாவில் பேசிவிட்டு உங்களுக்குப் பிரெஞ்சில் சொல்வார்கள், அவசரத்தில் இரண்டும் கலந்துவிடும். எந்த எண்ணையும் தாளில் எழுதி எதிரில் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய துறைமுகம்

தூத்துக்குடியில் கிளியரிங், அதாவது வரும் சரக்கைத் துறைமுகத்திலிருந்து விடுவிக்கும் வேலை, பார்க்கிறேன். பேச்சு எப்படியோ, தாளில் எழுத்து சரியாக இருக்க வேண்டும். 'கொனெஸ்மான்' என்றால் பில் ஆஃப் லேடிங், சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ரசீது. 'போர்' என்றால் துறைமுகம்; ஏற்றும் துறைமுகம் அபிஜானா சான் பெத்ரோவா என்று பாருங்கள். 'ஆம்போதாழ்' என்பது கன்டெய்னரில் சரக்கு அடுக்குவது, அந்த நேரத்தில் உங்கள் ஆள் அங்கே நிற்க வேண்டும். 'போன் பஸ்க்யூல்' எடைமேடை. 'ப்ரூத்' மொத்த எடை, 'நெத்' நிகர எடை, 'தார்' வெறும் சாக்கு அல்லது கன்டெய்னரின் எடை. தாவர நலச் சான்றிதழில் சரக்கின் பெயரும் சாக்கு எண்ணிக்கையும் பில் ஆஃப் லேடிங்கோடு ஒத்துப்போகாவிட்டால் இங்கே சரக்கு நிற்கும், டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறும்.

ஒப்பந்தத்தில் 'சூ ரெஸெர்வ் த' என்று ஒரு வரி ஆரம்பித்தால் அங்கே விரலை வைத்து நிறுத்துங்கள். நிபந்தனை அதற்குப் பின்னால்தான் வரும். ஆரம்பப் பிரெஞ்சை நம்பி எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். ஐவரி கோஸ்ட், பெனின், டோகோ, செனகல் உட்பட 17 ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஒஆதா என்ற பொது வணிகச் சட்டம் இருக்கிறது. அதன் மொழிபெயர்ப்புகளில் வேறுபாடு வந்தால் பிரெஞ்சு வாசகம்தான் செல்லும். வக்கீல் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வெள்ளைநகர்

பரீட்சை பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை விட்டுவிட்டோம். பிரெஞ்சு மொழித் திறனுக்கான தெல்ஃப் (DELF) பரீட்சையில் ஆ1 (A1) என்பதுதான் முதல் படி. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 100க்கு 50 வாங்க வேண்டும், எதிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. வேலைச் சூழலை வைத்தே கேள்வி கேட்கும் 'தெல்ஃப் ப்ரோ' என்ற வடிவமும் ஆ1 முதல் பே2 (B2) வரை உண்டு. சான்றிதழைக் கொட்டை விற்பவர் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் தேதி குறித்த பரீட்சை ஒன்று எதிரில் இருந்தால் கேட்டல் பயிற்சியை ஒத்திப்போட மாட்டீர்கள். அதற்காகவே எழுதச் சொல்வேன்.

வகுப்பில் சேருங்கள். தனியாகப் படித்தால் உச்சரிப்பைத் திருத்த ஆள் இருக்காது. பண்ருட்டியிலிருந்து புதுச்சேரி தூரமில்லை.

ஒன்று முக்கியம். எல்லோரையும் 'வூ' போட்டே பேசுங்கள். நம் 'நீங்கள்' மாதிரி. சாக்குத் தைப்பவர், டிரைவர், வாட்ச்மேன் எல்லோருக்கும் 'வூ'. அவர்களே 'த்யூ'வுக்கு இறங்கினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலையில் 'போன்ழூர்' சொல்லாமல் நேராக 'விலை என்ன' என்று ஆரம்பித்தால், பாரிசாக இருந்தாலும் அபிஜானாக இருந்தாலும் முகம் சுருங்கிவிடும்.

கெடிலக்கரை

சேர்ந்துவிடுகிறேன் மேடம். வார இறுதி வகுப்பு விசாரித்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று அண்ணே. போன உடனே யாரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? கூட்டுறவுச் சங்கத் தலைவர்களெல்லாம் வயதில் பெரியவர்கள் என்கிறார்கள்.

கடல்தாண்டி

மேடம் சொன்ன 'போன்ழூர்' அங்கே வாசல்படிதான் தம்பி. உள்ளே போனதும் 'பொன் அரிவே' என்று வரவேற்பார்கள். உட்காரச் சொல்லி முதலில் தண்ணீர் கொடுப்பார்கள், நம் வீட்டில் கொடுப்பதுபோலவே. வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நீங்கள் குடித்த பிறகு பெரியவர் 'லே நுவெல்?' என்று கேட்பார். சேதி என்ன, எதற்கு வந்தீர்கள் என்று முறைப்படி கேட்கிறார். நாட்டின் தெற்கிலும் நடுவிலும் அக்கான் இன மக்களிடம் இது பெரிய மரியாதை. நீங்கள் கொட்டை வாங்க வந்தீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தாலும் கேட்பார். எங்கிருந்து வருகிறீர்கள், பயணம் எப்படி இருந்தது, குடும்பம் நலமா என்று நிதானமாகச் சொல்லி, கடைசியில்தான் கொட்டை. அந்தப் பூனைப் பாடப் புத்தகத்தில் இருக்கிற பெயர், ஊர், குடும்பம் எல்லாம் இங்கேதான் உபயோகப்படும், அதனால் அவற்றையும் நன்றாகப் படியுங்கள். வயதானவரை 'தோந்தோன்' என்றும் பெண்களை 'தான்த்தீ' என்றும் மாமா, அத்தை முறையில் கூப்பிடுவார்கள். முதல் நாளிலேயே நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம், 'மெஸ்யே', 'மதாம்' போதும்.

இந்த நான்கு வாக்கியங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்:

ரெபெத்தே லான்த்மான், சில் வூ ப்லே. மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள்.

வூ பூவே லேக்ரீர்? எழுதிக் காட்ட முடியுமா?

ழ வே வேரிஃபியே. சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ழ கோன்ஃபீர்ம் பார் எக்ரி. எழுத்தில் உறுதிசெய்கிறேன்.

லாரி எப்போது வரும் என்று கேட்டால் 'தூத் அ லேர்' என்பார்கள். கொஞ்சம் முன்னால் என்பதற்கும் அதுதான், கொஞ்சம் கழித்து என்பதற்கும் அதுதான், வினைச்சொல்லை வைத்துத்தான் தெரியும். 'அ கெல் ஏர்?' என்று கேட்டு மணியை வாங்கிவிடுங்கள். 24 மணிக் கணக்கில் சொல்வார்கள், 'கேன்ஸ் ஏர்' என்றால் மதியம் 3 மணி. ஜனவரியில் கிளம்புவதற்கு முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும்.

கெடிலக்கரை

குறித்துக்கொண்டேன் அண்ணே. வகுப்பு ஆரம்பித்ததும் எண்களைக் கேட்டு எழுதும் பயிற்சிக்கு யாராவது போனில் கிடைப்பீர்களா?

லாசப்பல்

தனிமடலில் எழுதுங்கள் தம்பி. ஞாயிறு பின்னேரம் நான் சும்மாதான் இருப்பேன். 70க்கு மேலே உள்ளதை மட்டும் வாசிக்கிறேன்.